கடைமடைச் சாளை வரைக்கும்

2023 ஐ.பி.எல். இறுதியாட்டம் மழையால் ஒரு நாள் தள்ளிப்போய், மே 29 ராத்திரி தொடங்கி நடுச்சாமம் தாண்டித்தான் முடிந்தது. கடைசி இரண்டு பந்தில் ஜடேஜா ஒரு சிக்சரும் ஒரு பவுண்டரியும் அடித்தார். ஜியோசினிமாவில் அந்த ஆட்டத்தை ஒரே நேரத்தில் பார்த்தவர்களின் உச்ச எண்ணிக்கை 3.2 கோடி.

நான் மொபைல் நெட்வொர்க்கில் ரேடியோ பக்கத்து வேலை பார்க்கிறவள். அலுவலகம் ஈரோட்டில். காங்கேயம், தாராபுரம், பெருந்துறை, கோபி பக்கமெல்லாம் டவர் சிக்னலை அளந்து, ஆன்டெனா சாய்வைத் திருத்தி, எங்கே வீடியோ நிற்கிறது, எங்கே அழைப்பு அறுகிறது என்று பார்ப்பது தொழில். மறுநாள் காலையில் முந்தின ராத்திரியின் செல் கணக்குகளைத் திறந்தேன். ஒரு டவர் சிக்னல் கொடுக்கும் பகுதிதான் செல். ஊர்நாட்டு டவர்கள் பலவற்றில் பயன்பாட்டுக் கோடு மேலே போய் நூறு சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. சாதாரண நாளில் அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் தூங்கிப்போயிருக்கும், கோடு தரையோடு கிடக்கும்.

அத்தனை டவர்களும் திணறியது ஒரே ஒரு படத்துக்காக. அதே பந்து, அதே ஜடேஜா. ஒரு டவரின் கீழே அறுபது பேர் பார்த்தால் அந்த டவர் அதே காட்சியை அறுபது தடவை, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புகிறது. அடுத்தடுத்த வீட்டில் உட்கார்ந்து இருவர் பார்த்தாலும் இரண்டு தடவைதான். இதற்கு யூனிகாஸ்ட் என்று பெயர். நம் கைபேசியில் இன்று ஓடும் வீடியோ ஏறத்தாழ எல்லாமே இப்படித்தான் வருகிறது. அலைக்கற்றையை ஆயிரக்கணக்கான கோடி கொடுத்து ஏலத்தில் எடுத்துவிட்டு இப்படிச் செலவழிப்பது எனக்கு வருத்தமான விஷயம். ஏனென்றால் இதற்கு வேறு வழி இருபது வருடமாகத் தயாராக இருக்கிறது.

அந்த வழி புதிதும் கிடையாது. எங்கள் ஊர் தாராபுரம் பக்கம். தூர்தர்ஷனின் கொடைக்கானல் கோபுரம் எங்களுக்கு நேர் தெற்கே, ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் தள்ளி மலை உச்சியில். அப்புச்சி வீட்டு ஓட்டுக்கூரைக்கு மேலே நீளமான இரும்புக் குழாயில் ஆன்டெனா தெற்கே பார்த்து நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காற்றடித்துத் திரும்பிவிட்டால், "அம்மிணி, சித்தெ மேக்கால திருப்புன்னு மாமங்கிட்டச் சொல்லு, புள்ளி புள்ளியா வருது" என்று உள்ளேயிருந்து அமுச்சி குரல் கொடுப்பார். பழனி, உடுமலை, தாராபுரம் என்று அந்தக் கோபுரம் எட்டிய ஊர்களில் பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் கோபுரத்துக்குச் செலவு ஒன்றுதான். கோவை வானொலியின் 999 கிலோஹெர்ட்ஸும் அப்படித்தான். எத்தனை தோட்டத்தில் வேளாண் நிகழ்ச்சி கேட்டார்கள் என்பது அந்த அலைக்குத் தெரியவே தெரியாது.

அப்படியானால் கைபேசி டவரும் அதே மாதிரிப் பரப்பிவிட்டால் என்ன? அங்கேதான் என் வேலையின் சிக்கலான பகுதி தொடங்குகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

டவர் ஒருவருக்குத் தனியாக அனுப்பும்போது அவருடைய போனோடு பேசிக்கொண்டே அனுப்புகிறது. "இங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது, வேகமாக அனுப்பு" என்று போன் சொல்லும். டவருக்கு அடியில் நிற்பவருக்கு எல்டிஇ-யில், அதாவது 4ஜி-யில், ஒரு ஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் நொடிக்கு ஐந்தரை பிட் திணிக்கலாம். டவரிலிருந்து தள்ளி, ஓரத்தில் இருப்பவருக்கு அப்படித் திணித்தால் ஒன்றும் புரியாது. அவருக்கு ஒரு ஹெர்ட்ஸுக்கு 0.38 பிட் மாதிரி மெதுவாக, அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வித்தியாசம் ஏறத்தாழ பதினைந்து மடங்கு.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். 10 மெகாஹெர்ட்ஸ் கேரியர் ஒன்று, அதாவது டவர் அனுப்பப் பயன்படுத்தும் ஓர் அலைக்கற்றைத் துண்டு. அதில் பயன்படுவது 9 மெகாஹெர்ட்ஸ். நொடிக்கு 1.5 மெகாபிட் ஓடும் கிரிக்கெட் வீடியோ. டவருக்கு அடியில் இருப்பவருக்கு இதை அனுப்ப 0.27 மெகாஹெர்ட்ஸ் போதும், நூற்றில் மூன்று பங்கு. ஓரத்தில் இருப்பவருக்கு 4 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். மேல்செலவுகளையும் சேர்த்தால் ஏறக்குறையப் பாதிக் கேரியர், ஒரே ஒரு ஆளுக்கு. ஓரத்தில் இரண்டு பேர் ஆட்டம் பார்த்தால் அந்தச் செல் முடிந்தது. மற்றவர்கள் வாட்சப்பில் ஒரு போட்டோ அனுப்பக்கூடக் காத்திருக்க வேண்டியதுதான்.

நம் பக்கத்து வீடுகள் இருக்கும் விதத்தால் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. டெல்டாவில் போல ஊருக்குள் தெருத்தெருவாகச் சேர்ந்து குடியிருக்கும் வழக்கம் கொங்கில் குறைவு. அவரவர் தோட்டத்துக்குள் அவரவர் சாளை. கிணறு, கட்டுத்தரை, களம், பக்கத்தில் ரெண்டு தென்னை, அங்கேயே வீடு. அடுத்த சாளை ரெண்டு காடு தள்ளி. காங்கேயம் பக்கம் கொரங்காட்டு (மேய்ச்சல் நில) வேலிகளுக்கு நடுவில் இன்னும் தூரம். டவர் ஊருக்குள் நிற்கும். சனம் சுற்றிலும் சிதறி இருக்கும். நகரத்தில் ஓரத்துச் சந்தாதாரர் என்பவர் நூற்றில் பத்து என்றால் எங்கள் பக்கம் அவர்தான் பாதி ஊர். வண்டியில் போய்க்கொண்டே சிக்னலை அளக்கும் டிரைவ் டெஸ்ட் போகும்போது இட்டேரியில் வண்டியை நிறுத்தினால் சாளையிலிருந்து யாராவது வந்து, "ஏனுங் கண்ணு, டவர்க்காரங்களா? பொழுதோட ஆச்சுன்னா ஒண்ணுமே ஓட மாட்டேங்குதுங்" என்பார்கள். அவர்கள் சொல்வது அத்தனையும் என் கையிலிருக்கும் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாக இருக்கும்.

ஆக, பரப்பத் தொடங்கும்போது முதல் கேள்வி, எந்த வேகத்தில் பரப்புவது? ஒரே அலை எல்லோருக்கும் போகிறது. டவரடிக்காரருக்கு ஏற்ற வேகத்தில் அனுப்பினால் ஓரத்துக்காரருக்கு வராது. கீழ்பவானி வாய்க்காலில் பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடும் தண்ணீருக்கு மதகை எவ்வளவு திறப்பது என்பதைக் கடைமடை வயலை வைத்துத்தான் முடிவு செய்தாக வேண்டும். பிராட்காஸ்ட்டிலும், அதாவது இப்படி எல்லோருக்குமாகப் பரப்புவதிலும், அதே நியாயம்தான். கடைசி ஆளுக்கு எட்டும் வேகமே எல்லோருக்குமான வேகம். யூனிகாஸ்ட் நெட்வொர்க்கை நடத்துகிறவர்கள் சராசரி வேகத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ளலாம். பரப்புகிறவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, அவர்கள் கடைமடையிலிருந்துதான் வடிவமைப்பைத் தொடங்க வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயமும் இதுதான்.

அந்தக் கடைசி ஆளுக்கு வழி செய்வதற்காக கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பில் கண்டுபிடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. 3ஜி காலத்திலேயே, ரிலீஸ் 6 என்கிற பதிப்பில், எம்.பி.எம்.எஸ். என்ற பெயரில் பிராட்காஸ்ட்டும், கேட்கும் குழுவுக்கு மட்டும் சேர்த்து அனுப்பும் மல்டிகாஸ்ட்டும் தரநிலைக்குள் வந்துவிட்டன. எல்டிஇ வந்த பிறகு ரிலீஸ் 9-இல் அது இ.எம்.பி.எம்.எஸ். ஆனது. அதன் உயிர்நாடி ஒற்றை அதிர்வெண் வலை என்கிற ஏற்பாடு.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் ஊதியூர் மலையைத் தாண்டினால் ஒரு மேடு வரும். எங்கள் அளவைக் கருவிக்கு அது சாபம் பிடித்த இடம். நாலு பக்கமிருந்தும் நாலு டவர் ஏறத்தாழ ஒரே பலத்தில் கேட்கும். போனில் கோடுகள் நிறையக் காட்டும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு டவர் சொல்வதை மற்ற மூன்றும் கெடுக்கின்றன. ஆன்டெனாவைச் சாய்த்து, பவரைக் குறைத்து, எது தலைவன் என்று முடிவு செய்ய நாங்கள் படாத பாடு படுவோம்.

ஒற்றை அதிர்வெண் வலையில் அந்த நாலு டவரும் ஒரே நொடியில், ஒரே அதிர்வெண்ணில், ஒரு பிட் கூட மாறாமல் ஒரே விஷயத்தைச் சொல்லும். போனுக்கு அது நாலு டவராகத் தெரியாது. ஒரே டவரின் அலை, மலையிலும் கட்டடத்திலும் பட்டுக் கொஞ்சம் முன்பின்னாக வந்து சேர்வதுபோலவே தெரியும். அப்படிப் பிந்தி வருவதைச் சேர்த்துக்கொள்ளும் திறமை எல்டிஇ-க்குப் பிறப்பிலேயே உண்டு. டவர் அனுப்பும் ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னால் சைக்ளிக் பிரிஃபிக்ஸ் என்று ஒரு காப்பு நேரம் விட்டிருப்பார்கள். வழக்கமான அழைப்பு, டேட்டாவுக்கு அது 4.7 மைக்ரோநொடி. பரப்புவதற்கு 16.7 மைக்ரோநொடி, அதாவது அலை 5 கிலோமீட்டர் ஓடும் நேரம். நம் ஊர்நாட்டு டவர் இடைவெளிக்குப் பெரும்பாலும் இது போதும். இந்தக் காப்புக்குள் வந்து சேரும் அலை அத்தனையும் இரைச்சலாக இல்லாமல் பலமாகக் கூடிவிடுகிறது. ஊதியூர் மேட்டின் சாபம் நீங்கி, அந்த வட்டாரத்திலேயே நன்றாக ஓடும் இடமாக அது மாறிவிடும்.

ஓரத்தில் ஹெர்ட்ஸுக்கு 0.38 பிட் என்றிருந்தது 1 பிட்டாக உயர்ந்தால்கூடப் போதும். நம் 1.5 மெகாபிட் ஆட்டம் கேரியரில் ஆறில் ஒரு பங்கில் அடங்கிவிடும். அந்த ஆறில் ஒரு பங்கில் ஊரே பார்க்கலாம். மீதி ஆறில் ஐந்து பங்கு அழைப்புக்கும், வாட்சப்புக்கும், ஆன்லைன் வகுப்புக்கும் காலியாகக் கிடக்கும்.

சொல்வதற்கு எளிது. நடைமுறையில் டவர்கள் எல்லாம் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். ஜி.பி.எஸ். வைத்து மைக்ரோநொடிக் கணக்கில் சரிசெய்கிறார்கள். பி.எம்-எஸ்.சி. என்கிற மையச் சர்வர் ஒவ்வொரு பாக்கெட்டிலும் நேர முத்திரை குத்தி அனுப்ப, ஒவ்வொரு டவரும் அதே பாக்கெட்டை அதே கணத்தில் வெளிவிடும். மையத்திலிருந்து டவர்களுக்கு அந்தப் பாக்கெட்டுகள் போவது ஐபி மல்டிகாஸ்ட் வழியாக. ஸ்டீவ் டீரிங் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கி 1989-இல் ஆர்.எஃப்.சி. 1112 என்கிற இணையத் தரநிலை ஆவணமாக எழுதிய முறைதான் அது. ஒரே பிரதி ஓடி வந்து, பாதை எங்கே பிரிகிறதோ அங்கே மட்டும் நகலாகும். ஃபைபரிலும் சிக்கனம், காற்றிலும் சிக்கனம்.

அடுத்த சிக்கல் பதில் சொல்லாதது. தனியாக அனுப்பும்போது ஒரு துண்டு கெட்டுப்போனால் போன் உடனே "வரலை, திரும்ப அனுப்பு" என்று கேட்கும், சில மில்லிநொடியில் வந்துவிடும். பரப்பும்போது ஆயிரம் போன் ஆளுக்கொரு துண்டைக் கேட்டால் டவர் என்ன செய்யும்? அதனால் இ.எம்.பி.எம்.எஸ்ஸில் போன் வாயே திறக்காது. கேட்டது கேட்டதுதான். இந்த ஓட்டையை அடைத்தது மைக்கேல் லூபி, அமீன் ஷோக்ரொல்லாஹி போன்றவர்கள் வடிவமைத்த ராப்டர் குறியீடுகள். ஒரு வீடியோத் துண்டை ஆயிரம் பாக்கெட்டாக வெட்டுகிறோம் என்று வையுங்கள். அந்த ஆயிரத்தையும் கலந்து கலந்து கூடுதலாக இன்னும் நூறு பாக்கெட் செய்து அனுப்புகிறார்கள். எந்தெந்தப் பாக்கெட் கிடைத்தது என்பது முக்கியமே இல்லை. ஏதோ ஓர் ஆயிரமும் இன்னும் ரெண்டு மூன்றும் கைக்கு வந்தால் போன் முழுத்துண்டையும் மீட்டுவிடும். எனக்கு ஏழாவது பாக்கெட் போச்சு, பக்கத்துச் சாளைக்காரருக்கு முந்நூறாவது போச்சு. இருவருக்கும் மருந்து ஒன்றுதான், அது ஏற்கெனவே வந்துகொண்டிருக்கிறது. யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. கல்லூரியில் படிக்கும்போது இது புரிந்த நாளில் எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது. நேரலைக்குக் கொஞ்சம் தாமதம் கூடும் என்பது மட்டும்தான் விலை.

இவ்வளவும் இருந்தும் ஏன் நம் கைக்கு வரவில்லை?

முதல் முயற்சி கைபேசி டவர்களோடு சம்பந்தமே இல்லாமல் வந்தது. டிவிபி-ஹெச் என்று கைபேசிக்கான தனி டிவி முறை. 2007-இல் தூர்தர்ஷன் டெல்லியில் நோக்கியாவோடு சேர்ந்து அதைப் பரிசோதித்தது. அமெரிக்காவில் குவால்காம் மீடியாஃபுளோ என்று தனி அலைவரிசையே வாங்கி நடத்தி, 2011 மார்ச்சில் மூடியது. இரண்டுக்கும் போனுக்குள் தனிச் சில்லு வேண்டும், தனிக் கோபுரம் வேண்டும். இரண்டாவது முயற்சி எல்டிஇ-யின் உள்ளேயே வந்தது. கொரியாவின் கே.டி. நிறுவனம் 2014 ஜனவரியில் சேவையாகவே தொடங்கியது. 2015 எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தின்போது லண்டன் வெம்ப்லியில் பிபிசியும் இ.இ. நிறுவனமும் சோதித்தார்கள். தொழில்நுட்பம் தோற்கவில்லை. பல போன்களில் சில்லு இருந்தும் மென்பொருள் பூட்டியே கிடந்தது. வீடியோ செயலிகளோ ஒவ்வொருவருக்கும் தனி விளம்பரம் காட்டுவதில் பிழைப்பவை. எல்லோருக்கும் ஒரே ஓடை என்றால் அந்த வியாபாரம் கொஞ்சம் ஆட்டம் காணும். அது ஒரு காரணம். நம் பழக்கமும் மாறியது. வேண்டியதை வேண்டியபோது பார்க்கிறோம். அதற்கு யூனிகாஸ்ட்தான் சரி, நான் மறுக்கவில்லை. இரண்டு பேர் மட்டும் பார்க்கிற ஒன்றுக்காக ஊருக்கே அலைக்கற்றை ஒதுக்குவதும் வீண்தான்.

ஆனால் ஒரே நேரத்தில் ஊரே பார்ப்பவை இன்னும் இருக்கின்றன. கிரிக்கெட் ஒன்று மட்டும் இல்லை. இப்போது எங்கள் பக்கம் வள்ளி கும்மி எப்படிப் பரவியிருக்கிறது என்று இங்கே படிக்கிற கொங்குக்காரர்களுக்குத் தெரியும். சனிக்கிழமை ராத்திரி அரங்கேற்றம் என்றால் நூற்றுக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் ஒரே நிறச் சேலையில் களத்தில் இறங்குவார்கள். யாராவது ஒருவர் யூடியூபில் நேரலை போடுவார். நடக்க முடியாத அப்புச்சிகள், பட்டியில் ஆட்டை விட்டுவிட்டு வர முடியாதவர்கள், வேலைக்குப் போன ஊரில் இருக்கும் ஒறம்பரை என்று எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். அதில் பெரும்பங்கு அதே ஊர், அதே டவர். என் அத்தை ஒரு தடவை போனில், "பேத்தி ஆடறது அரைகுறையா நிக்குது கண்ணு, நீ இந்த வேலையிலதான இருக்கற, ஒண்ணும் பண்ண முடியாதா?" என்று கேட்டார். மாரியம்மன் நோம்பியிலும், பண்ணாரி குண்டத்தின் விடிகாலையிலும் இதே நெருக்கடிதான். தற்காலிக டவர் கொண்டுவந்து நிறுத்துவோம், கூடுதல் கேரியர் போடுவோம். கூட்டம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். களத்திலிருந்து மேலே ஏற்றுகிற பாரத்துக்குப் பிராட்காஸ்ட் உதவாது, அதைத் தனியாகத்தான் சமாளிக்க வேண்டும். பார்ப்பவர்களின் பாரத்தையாவது இறக்கிவைக்கலாம்.

ரிலீஸ் 12-இல் இதற்கென்றே ஒன்று செய்தார்கள். ஒரு பகுதியில் ஒரே வீடியோவைப் பார்ப்பவர்கள் கூடிவிட்டால் நெட்வொர்க் தானாகவே யூனிகாஸ்ட்டை நிறுத்திப் பிராட்காஸ்ட்டுக்கு மாறும்; கூட்டம் கலைந்தால் பழையபடி திரும்பும். பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ரிலீஸ் 13-இல் ஒரே ஒரு செல்லுக்குள் மட்டும் பரப்பும் முறையும் வந்தது. இந்த இரண்டையும் படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர்க் களம்தான் கண்ணில் நின்றது.

இப்போது 5ஜி-யில் மூன்றாவது வாய்ப்பு வந்திருக்கிறது. 2022-இல் முடிந்த ரிலீஸ் 17-இல் எம்.பி.எஸ். என்ற பெயரில் மல்டிகாஸ்ட் மறுபடி வந்தது. இந்தத் தடவை பழைய குறைகளைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். முக்கியமாக, போன் வாய் திறக்கலாம். ஒரு துண்டு சரியாக வந்தவர் சும்மா இருப்பார். வராதவர்கள் மட்டும் குறிப்பிட்ட ஒரே இடத்தில் "வரலை" என்று சொல்வார்கள். பத்துப் பேர் சேர்ந்து சொன்னாலும் டவருக்கு யாரோ ஒருவருக்கு வரவில்லை என்று தெரிந்தால் போதும், எல்லோருக்குமாக ஒரு தடவை மறுபடி அனுப்பிவிடும். ஒருவரே ஓரத்தில் கஷ்டப்படுகிறார் என்றால் அவருக்கு மட்டும் தனி வழியில் மாற்றிக் கொடுக்கவும் முடியும். கடைமடைக்காரர் ஒருவருக்காக எல்லோரையும் மெதுவாக்க வேண்டியதில்லை, அவரைக் கைவிடவும் வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம் டி2எம் (டைரக்ட்-டு-மொபைல்) பற்றி நிறையப் பேச்சு. சிம் இல்லாமல், டேட்டா இல்லாமல் போனில் டிவி. ஐஐடி கான்பூர், பெங்களூருவின் சாங்க்யா லேப்ஸ், பிரசார் பாரதி சேர்ந்து ஏடிஎஸ்சி 3.0 என்கிற டிஜிட்டல் டிவித் தரத்தில் சோதித்தார்கள்; தூர்தர்ஷனின் யு.ஹெச்.எஃப். அலைகளைப் பயன்படுத்தும் திட்டம். நண்பர்கள் பலர் இதைக் காட்டி, "மறுபடியும் கொடைக்கானல் டவரே போதும் போல" என்று உற்சாகப்படுகிறார்கள். எனக்கும் இது வர வேண்டும் என்றே ஆசை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கொடைக்கானலை எங்கள் வீடு வரைக்கும் இழுத்து வந்தது கோபுரம் மட்டும் கிடையாது, கூரைக்கு மேலே நின்ற அந்த ஆன்டெனாவும்தான். கைபேசியின் ஆன்டெனா விரல் நீளம். அதுவும் ஓட்டு வீட்டுக்குள், மடியில், உள்ளங்கை மறைத்தபடி இருக்கிறது. அந்த நிலைமைக்கு உயரக் கோபுரம் ஒன்று போதாது, இடையிடையே சிறிய கோபுரங்கள் நிறைய வேண்டும். போனுக்குள் தனிச் சில்லும் வேண்டும். மாநிலம் முழுக்கப் போகும் செய்திக்கும் கிரிக்கெட்டுக்கும் டி2எம் நல்ல வழி. எங்கள் ஊர் வள்ளி கும்மிக்கு நாலு டவர் போதும், அதற்கு மொபைல் நெட்வொர்க்கின் மல்டிகாஸ்ட்தான் பொருந்தும். ஒன்று வந்தால் மற்றது வேண்டாம் என்று நினைப்பவர்களோடு நான் உடன்படவில்லை.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் ஸ்ட்ரான்ஸே என்று ஒரு சின்னத் தீவு. விவசாயிகளும் மீனவர்களும் இருக்கும் இடம். 2019-இல் பிபிசி அங்கே மொபைல் பிராட்காஸ்ட் வழியாக வானொலியைக் கைபேசிக்கு அனுப்பிப் பார்த்தது. கூட்டம் கூடும் மைதானத்தை விட்டுவிட்டுச் சிதறிக் கிடக்கும் பண்ணை வீடுகளைத் தேர்ந்தெடுத்தார்களே, அதுதான் எனக்குச் சரியான பரிசோதனை என்று படுகிறது. அதே மாதிரி ஒன்றைத் தாராபுரத்திலோ அந்தியூரிலோ செய்து பார்க்க வேண்டும். நல்ல சிக்னல் இருக்கும் அவினாசி சாலையில் செய்து காட்டினால் ஒன்றும் நிரூபணமாகாது.

வீடியோ வரும்போது வரட்டும். பிராட்காஸ்ட்டின் மிக எளிய வடிவம் ஒன்று ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறது. அது உயிர் காக்கக்கூடியது என்பதால் சொல்லியே ஆக வேண்டும். 2023-இல் பலருடைய போன் திடீரென்று வித்தியாசமாக அலறி, ஒரு சோதனைச் செய்தி காட்டியது நினைவிருக்கும். அதுதான் செல் பிராட்காஸ்ட். எஸ்.எம்.எஸ். மாதிரி நம்பர் நம்பராக அனுப்புவது கிடையாது. டவர் ஒரு தடவை சொல்லும், அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லாப் போனும் ஒருசேரக் கேட்கும். நெட்வொர்க் எவ்வளவு நெரிசலில் இருந்தாலும் இது காத்திருக்காது. தமிழிலும் வரும், 82 பைட் கொண்ட 15 பக்கம் வரை போகலாம் என்பதால் யூனிகோடில் 615 குறியீடுகள் கிடைக்கும். "ஆத்துல தண்ணி ஏறுது, உடனே மேட்டுக்குப் போங்க, இந்தப் பள்ளிக்கூடத்துல தங்கலாம்" என்று சொல்ல அது தாராளம்.

2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் காவிரி பெருகியபோது பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. பெரும்பாலும் ஒலிபெருக்கி வண்டிதான் அந்தத் தெருக்களுக்கு வந்த எச்சரிக்கை. செல் பிராட்காஸ்ட்டில் ஆற்றோரத்து டவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் சொல்ல முடியும். ஈரோடு நகரம் முழுக்கப் பயமுறுத்த வேண்டியதில்லை.

ஆனால் அந்த அலறலுக்குப் பயந்து நிறையப் பேர் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். என் சித்தப்பாவே அணைத்திருந்தார். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குப் போய் மேலே தேடும் இடத்தில் 'வயர்லெஸ் எமர்ஜென்சி அலர்ட்ஸ்' என்று தேடினால் வந்துவிடும். சில போன்களில் 'சேஃப்டி அண்ட் எமர்ஜென்சி' என்பதற்குள்ளே இருக்கும். அனுமதிக்கும் பொத்தான் போட்டபடி இருக்கிறதா என்று பாருங்கள். சோதனைச் செய்தியும் வர வேண்டுமானால் கீழே 'டெஸ்ட் அலர்ட்ஸ்' என்று தனியாக ஒன்று இருக்கும், அதையும் போட்டுவிடுங்கள். உங்கள் போனை முடித்துவிட்டு, வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் போனையும் வாங்கிப் பாருங்கள். ஆற்றோரத்தில், வாய்க்கால் கரையில் ஒறம்பரை யாராவது இருந்தால் இன்றைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள்.